மாரிமுத்துவின் மாத்து

மூன்றாவது குண்டு ஆற்றில் விழுகிறது. தண்ணீர் கூடார உயரத்துக்கு எழும்புகிறது. சேறாகத் திரும்பி வருகிறது. முதல் இரண்டும் பேரீச்ச மரங்களுக்கு அப்பால் விழுந்தன. இப்போது எங்களை நெருங்கிவிட்டார்கள்.

சத்தம் இரண்டாக வருகிறது. முதலில் நீளமாக, கெட்டித் துணியைக் கிழிப்பது போல. பிறகு ஒரே அடி, கதவை அறைவது போல. இடையில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான் ஆட்கள் ஓடுகிறார்கள்.

டைகிரிஸ் ஆற்றங்கரை. மெசபொட்டேமியா. 1916, போரின் மூன்றாவது குளிர்காலம். கூடாரங்களில் நடக்கும் ஆஸ்பத்திரி. நான் வார்டு ஆள். நோயாளிகளைத் தூக்குவேன், கழுவுவேன், கட்டில் விரிப்பை மாற்றுவேன். சென்னையில் அச்சுக்கோத்துக்கொண்டிருந்தவன். துப்பாக்கியைத் தொட்டதில்லை.

கூடாரங்களுக்குப் பின்னால் துணி உலர்த்தும் கொடிகள் கட்டியிருக்கின்றன. வெளுத்த விரிப்புகள் வரிசையாகக் காய்கின்றன. மண் பழுப்பு. ஆறு பழுப்பு. கூடாரமும் பழுப்பு. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாக இருப்பது அந்த விரிப்புகள் மட்டும். அக்கரையில் பீரங்கி வைத்திருப்பவனுக்கு வேறு அடையாளம் வேண்டாம்.

ஹவில்தார் கத்துகிறார். வேலூர்க்காரர். பெரிய குரல்.

“மாத்து! மாத்து! சீக்கிரம் மாத்து!”

படுத்திருப்பவர்களைக் குழிக்கு மாற்றச் சொல்கிறார். நாங்கள் தூக்குகிறோம். ஒருவன் கால் இல்லாதவன், கனமில்லை. அடுத்தவன் கனம். வெள்ளாவிப் பானையருகே நின்ற டோபி மாரிமுத்து தலையைத் தூக்குகிறார். கையில் இருந்த கழியைப் போட்டுவிட்டு ஓடுகிறார். குழிப் பக்கம் இல்லை. கொடிப் பக்கம்.

“மாரி! துணி இல்ல! குழிக்கு வா!”

கத்துவது நான். அவர் ஒவ்வொன்றாக உருவித் தோளில் போடுகிறார். அவசரத்திலும் தரையில் படாமல். ஆறு விரிப்புகள் தோளில் சேர்ந்துவிட்டன. ஏழாவதுக்குக் கை நீட்டுகிறார்.

துணி கிழிகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு கதவு.

ஹவில்தார் சொன்னது ஆட்களை. மாரிமுத்துவின் காதில் விழுந்தது துணி. அது ஏன் என்று தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிள்ளை பிறந்தால், பெண் ஆளானால், வெளுப்பவர் வீட்டிலிருந்து சுத்தமான துணி வரும். தீட்டு கழியும்வரை அந்த வீட்டார் அதை உடுத்துவார்கள். கழிந்ததும் அது வெளுப்பவர் வீட்டுக்கே திரும்பிப் போகும். அந்தத் துணிக்குப் பெயர் மாத்து. வாசலில் யாராவது வந்து ‘மாத்து’ என்று கூப்பிட்டால், வெளுப்பவர் ஏன் என்று கேட்பதில்லை. துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். மாரிமுத்து பிறந்த நாளிலிருந்து கேட்ட கூப்பாடு அது.

அன்று மாலை அவரைப் புதைத்தோம். கோணிச் சாக்கில். விரிப்புகள் உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் என்பது அங்கே விதி. இறந்தவன் மேலிருந்ததை உருவி, கொதிக்க வைத்து, அடுத்தவனுக்குப் போடுவோம். அந்த ஆஸ்பத்திரியின் விரிப்புகள் அத்தனையையும் வெளுத்தவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தோளில் கிடந்த ஆறிலும் ஓட்டை விழுந்துவிட்டது. உபயோகமில்லை என்று கந்தல் குவியலில் எறிந்தார்கள். நான் எடுத்துக்கொண்டேன். ஆற்றில் அலசினேன். ஒவ்வொன்றின் மூலையிலும் அவர் போட்ட குறி இருந்தது. சேராங்கொட்டைப் பாலில் மூன்று புள்ளிகள், நடுவே ஒரு கோடு. அது எத்தனை வெளுப்புக்கும் போகாது.

மலாயாவில் இருக்கும் பேராக்கைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். அங்கே சிலிம் ரிவர் பக்கம் ஆத்தங்கரை என்ற ரப்பர்த் தோட்டத்தில் டோபி. மனைவி காளியம்மா. மகள் செவந்தி. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது கப்பல் கூலி போதவில்லை. சென்னைத் துறைமுகத்தில் போருக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு வருஷம் உழைத்துவிட்டுக் கப்பலேறிவிடலாம் என்று நினைத்தார். பெயர் கொடுக்கும்போது பிறந்த ஊரைச் சொன்னார். அவர் இறந்த செய்தி அந்த ஊருக்குத்தான் போயிருக்கும். அங்கே வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

1922இல் நான் பேராக்கில் இருக்கும் ஈப்போவுக்கு வந்தேன். ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். வாடகை வீடு, புந்தோங்கில். ஆத்தங்கரைத் தோட்டத்தைத் தேடி சிலிம் ரிவர் பக்கம் மூன்று முறை ரயிலேறினேன். இங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர். பலகையில் ஓர் ஆங்கிலப் பெயர். கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் ஒரு தமிழ்ப் பெயர். ஆத்தங்கரை என்று கேட்டால் எல்லாரும் வேறு வேறு திசையைக் காட்டினார்கள். ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சிரித்தார். “பேராக்குல ஆத்தங்கரையில இல்லாத தோட்டம் எது லா?” என்றார்.

அடுத்த வருஷம் கல்யாணம். பாக்கியம் பக்கத்து ஊரான லகாட்டில் பிறந்தவள். ஈயச் சுரங்கத்து வெடிச் சத்தத்தில் வளர்ந்தவள். எந்தச் சத்தத்துக்கும் திரும்ப மாட்டாள். என் பெட்டியைத் திறந்த முதல் நாளே விரிப்புகளைக் கண்டுபிடித்துவிட்டாள். விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“என்னா கெட்டித் துணி! இதப் போயி பெட்டியில பூட்டி வெச்சிருக்கீங்க.”

மறுநாள் காலை நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். பின்னால் கிர்ர்ரென்று நீளமாக ஒரு சத்தம். அடுத்தது நினைவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தேன். பாக்கியத்தின் கால்கள் தெரிந்தன. பிறகு அவள் முகம், தலைகீழாக. பல்லில் நூல். கையில் பாதி கிழித்த விரிப்பு.

“என்னா தேடுறீங்க?”

“பொத்தான்.”

அன்று மத்தியானமே என் சட்டைப் பொத்தான்கள் எல்லாவற்றையும் அவிழ்த்து இறுக்கித் தைத்தாள். அடுத்த வாரம் மறுபடி கிழித்தாள். மறுபடி நான் கட்டிலுக்கு அடியில். சந்தைக்குப் போய் ஒரு கத்தரிக்கோல் வாங்கி வந்தாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் துணி கிழித்ததில்லை. வெட்டுவதுதான்.

அவள் செய்ததை வரிசையாகச் சொல்ல முடியும். தினமும் பார்க்கிறேன். படுத்துப் படுத்து நடுவில் நைந்துபோன இரண்டு விரிப்புகளை நீளவாக்கில் வெட்டினாள். நைந்ததை ஓரத்துக்குத் தள்ளி, கெட்டியான ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்தாள். அவை எங்கள் கட்டிலுக்கு. நடுவில் ஓடிய தையலைக் காட்டி, “இதான் எல்ல, இந்தப் பக்கம் வரப்படாது” என்றாள். குண்டு துளைத்த இடங்களில் ஒட்டுப் போட்டாள். மூன்றாவது விரிப்பு தெருப்பக்க ஜன்னலுக்குத் திரை. நான்காவதில் இலவம்பஞ்சு அடைத்த இரண்டு தலையணைகள், மீதியில் இட்லித் துணி, தேங்காய்ப்பால் பிழிய ஒரு துண்டு, சோற்றுக் கூடை மூட ஒன்று. ஐந்தாவது நிறைய ஓட்டை. அதை வார்வாராக வெட்டி, முறுக்கி, பானை வைக்கப் பிரிமணைகள் சுற்றினாள். நூல் நூலாகப் போனதெல்லாம் கார்த்திகைக்குத் திரியாயிற்று. ஆறாவதை மட்டும் மடித்து வைத்தாள். பிள்ளை பிறந்ததும் அது தொட்டில். பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி ஆகாது, பழசுதான் மெத்து என்றாள்.

யாருடைய துணி என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். பெயர் வரைக்கும். அந்தக் காலையை மட்டும் சொல்லவில்லை.

காற்று வந்தால் ஜன்னல் திரை உப்பும். அதில் ஒரு தோள் தெரியும். பிறகு காற்று நிற்கும். தோள் போய்விடும். நான் தலையைக் குனிந்து மெய்ப்பைப் பார்ப்பேன். போர்ச் செய்திகளில் ‘சேதம் சொற்பம்’ என்று வரும் இடங்களில் பிழை இருக்காது. அது எல்லாருக்கும் எழுத வரும் சொல்.

1925. அச்சகத்துக்கு விடுமுறை. முகத்தில் சோப்போடு கண்ணாடி முன் நிற்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் குரல்.

“யாரு வீட்டுல? இந்தத் துணி யாரு வெளுத்தது?”

பாக்கியம் அடுப்படியிலிருந்து போகிறாள். “நான்தான் வெளுத்தேன். ஏன், அழுக்கா இருக்கா?”

“உன்னையக் கேக்கல. குறி போட்ட ஆளக் கேக்குறேன். வெளிய வரச் சொல்லு.”

“எந்த ஆள?”

“மாரிமுத்து. ஒம்போது வருசமா ஒளிஞ்சிக்கிட்டு இருக்காரே, அந்த மகராசன். ஓ, தொட்டில் வேற ஆடுதா? நல்லா இருங்க. ஊருக்கு ஒளிச்சாலும் குறிய ஒளிக்கத் தெரியல பாரு அவருக்கு.”

பாக்கியம் உள்ளே திரும்பிக் கூப்பிட்டாள். “ஏங்க, கொஞ்சம் வெளிய வாங்க. ஒங்களத் தேடி ஒரு பொண்டாட்டி வந்திருக்கு.”

போனேன். அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதுக்குள் இருக்கும். வெயிலில் வெந்த முகம். பெரிய பொட்டு. உள்ளங்கைகள் வெளுத்து ஊறிப்போனவை. திரையின் மூலையைப் பிடித்தபடி நின்றிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இவன் இல்ல” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“நீங்க காளியம்மாவா?” என்று கேட்டேன். “மக பேரு செவந்தி?”

கை திரையை விட்டது. பாக்கியம் அவரைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை. செம்பை மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

செவந்திக்குப் பதினாறு. புந்தோங்கிலேயே, எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி, ஒரு மாப்பிள்ளை. பையனுக்குச் சம்மதம். பையனின் அப்பாதான் பிடிவாதம். அங்கே பேசிவிட்டுத் திரும்பும் வழியில்தான் எங்கள் ஜன்னலைப் பார்த்திருக்கிறார்.

“செத்தவன் மகளா, ஓடுனவன் மகளான்னு கேக்குறாரு. செத்தவன் மகன்னா இந்த மாசமே தாலி கட்டலாமாம். ஓடுனவன் மகன்னா வேணாமாம். தோட்டத்துக் கங்காணி இருக்கானே, ‘டோபி பம்பாய்ல ஒருத்தியோட வெளுக்குறான்’னு வருசமெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறான். நான் என்னத்தச் சொல்ல? பொட்டு வெச்சிருக்கேன். எதுக்கு வெச்சிருக்கேன்னு எனக்கே தெரியல.”

சொன்னேன். ஆறு, கொடி, குளிர், குண்டு. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடுனாரா?”

“ஓடுனாரு.”

“எந்தப் பக்கம்?”

“கொடிப் பக்கம். துணிய எடுக்க.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல. படுத்திருந்த ஆளுகள மாத்தச் சொல்லி ஹவில்தார் சத்தம் போட்டாரு. மாத்து, மாத்துன்னு. அவரு...”

காளியம்மா முடித்தார்.

“மாத்துன்னா நிக்க மாட்டாரு. சோத்துல கை வெச்சிருந்தாலும் எந்திரிச்சிருவாரு.”

பிறகு, “கத வேற மாதிரியும் கட்டலாம். நீங்க அவரோட கூட்டாளியா இருந்தா, இப்படித்தான் சொல்லுவீங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பல வருஷம் பலர் சொன்னதைக் கேட்டவர் சொல்வது போலச் சொன்னார்.

அப்போது லகாட் பக்கம் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தினமும் வைப்பதுதான். நான் தரையில் இருந்தேன். தலை முழங்கால்களுக்கு நடுவில். கைகள் காதுகளின் மேல். பாதி சவரம் செய்த சோப்பு முழங்காலில். அடுத்த வெடியை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வரவில்லை. குழந்தை தொட்டிலில் விழித்துக்கொண்டது. பாக்கியம் தொட்டிலை ஆட்டினாள். என் பக்கம் வரவில்லை. வரக் கூடாது என்று அவளுக்குத் தெரியும்.

எழுந்தபோது காளியம்மாவின் விரல் பொட்டின் மேல் இருந்தது. அழிக்கவில்லை. தொட்டுக்கொண்டு இருந்தார். அதன் பிறகு அந்தக் காலையைப் பற்றி அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

பாக்கியத்திடம் கேட்டார். “வேற என்ன துணி இருக்கு தங்கச்சி? எல்லாத்தையும் எடு.”

எடுத்தோம். கட்டிலிலிருந்து விரிப்புகள். தலையணை உறைகள், பஞ்சை உதறிவிட்டு. ஈரம் காயாத இட்லித் துணி. சோற்றுக் கூடைத் துணி. அடுப்படியிலிருந்து கரி பிடித்த பிரிமணைகள். அவற்றின் முறுக்கைப் பாக்கியம் உட்கார்ந்து அவிழ்த்தாள். வார்வாராக நீண்டு வந்தது. காளியம்மா ஒவ்வொன்றையும் மடியில் வைத்து மூலையைத் தேடினார். வெட்டியிருந்த இடத்தில் துண்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். ஒரு பிரிமணையின் கடைசிச் சுற்றில் மூன்று புள்ளி இருந்தது. கோடு வேறொரு வாரில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இட்லி அவிச்சியா இதுல?”

“ஆமாக்கா. தெரியாமப் பண்ணிட்டேன்.”

“என்னா தப்பு? நல்லா வெந்துச்சா?”

“ஒட்டாம வருது.”

“ஒட்டாது. அவரு கஞ்சி போடமாட்டாரு. கஞ்சி போட்டாத்தான் ஒட்டும்.”

பாக்கியம் சிரிக்கப் பார்த்தாள். அழுதாள். காளியம்மா அழவில்லை. அவருக்கு ஒன்று புரியவில்லை. “இது எங்க வீட்டுக் குறி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு குறி வெச்சிருக்கோம். எங்க குறிய அடுத்தவுங்க துணியில போடமாட்டோமே. ஆசுபத்திரித் துணியில ஏன் போட்டாரு?”

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. மாரிமுத்துவிடம் அங்கேயே கேட்டிருக்கிறேன். சேராங்கொட்டையில் ஊசியைக் குத்தியபடி சொன்னார்: “தோட்டத்துல அறுவது வீடு, அறுவது குறி. இங்க ஒரே வீடுதானே அண்ணே. யாரு துணின்னு யாரு கேட்டு வரப் போறா?”

அதைச் சொன்னேன். காளியம்மா அந்தக் குறியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

பிறகு பாக்கியத்தைப் பார்த்துப் பேசினார். “தோட்டத்துல எல்லார் வீட்டுச் சாவுக்கும் நாங்கதான் மாத்து குடுக்குறோம். அங்க வேற வண்ணாரு இல்ல. எங்க வீட்டுச் சாவுக்கு யாரு குடுப்பா?”

பாக்கியம் எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். திரையைக் கொக்கிகளிலிருந்து கழற்றி மடித்தாள். நான்காக, பிறகு எட்டாக, குறி மேலே வரும்படி. இரண்டு கையாலும் கொடுத்தாள். காளியம்மா இரண்டு கையாலும் வாங்கினார். எங்கள் வீட்டில் அன்று வெயில் நேரே உள்ளே வந்தது.

தொட்டிலையும் அவிழ்க்கப் போனாள் பாக்கியம். காளியம்மா தடுத்தார். “அத விடு. புள்ள பொறந்த வீட்டுக்கும் மாத்து உண்டு. அது அவரு குடுத்தது.”

வாசலில் செருப்பைப் போடும்போது, மாத்து வாங்குபவர்கள் சொல்லக் கேட்ட பழக்கத்தில் வாய் தவறிச் சொன்னார். “தீட்டு கழிஞ்சதும் திருப்பிக் குடுத்துடுறேன்.” சொல்லிவிட்டு நின்றார். மாத்து திரும்பிப் போவது வெளுப்பவர் வீட்டுக்கு. அதாவது, அவருடைய சொந்த வீட்டுக்கே.

“யாருக்குக் குடுக்குறது?” என்றார்.

மடித்த திரையோடு அவர் போய்விட்டார்.

சாவுச் சடங்குக்கு ஆத்தங்கரைத் தோட்டத்துக்கு நான் போனேன். முன்பு இரண்டு முறை அதன் வாசலைத் தாண்டிப் போயிருக்கிறேன். உடல் இல்லை. லயத்து முன்னால் பலகை போட்டு அதன் மேல் அந்தத் திரையை நீளமாக விரித்திருந்தார்கள். நான் கொடுக்க வேண்டிய சாட்சியத்தை அங்கே எல்லார் முன்னாலும் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். கங்காணி கேட்டான். எந்தப் பக்கம் ஓடினார் என்பதை இரண்டு முறை சொன்னேன். கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

ஆற்றுக்குப் போகும் வழியில் சவத்துக்கு முன்னால் துணி விரித்துக்கொண்டே போவது டோபியின் வேலை. அன்று பலகையைத் தூக்கியபோது அதைச் செய்ய ஆள் இல்லை. சவத்தோடு பெண்கள் ஆற்றுக்குப் போகும் வழக்கமும் இல்லை. காளியம்மா போனார். யாரும் தடுக்கவில்லை. முன்னால் விரித்தார், பின்னால் எடுத்தார், மறுபடி முன்னால் விரித்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே, நெற்றியில் ஒன்றும் இல்லாமல்.

செவந்திக்கு அந்த மாசமே கல்யாணம் நடந்தது.

இழந்தவற்றை எழுதி முடிக்கிறேன்.

விரிப்புகள் ஆறு. கட்டில் விரிப்புகள் இரண்டும் தையலில் விட்டுவிட்டன. தலையணைகள் நைந்து பஞ்சு கக்குகின்றன. இட்லித் துணி இன்னும் ஒட்டாமல் வருகிறது. பிரிமணை வார்களைப் பாக்கியம் மறுபடி முறுக்கவில்லை. பெட்டியில் இருக்கின்றன. தொட்டில் இரண்டாவது பிள்ளைக்காக மடித்து வைத்திருக்கிறது. திரை திரும்பி வரவில்லை. ஜன்னலுக்கு வேறு துணி போடவில்லை.

கூடாரங்களில் படுத்திருந்த நோயாளிகளில் அந்தக் காலையில் இறந்தவர் யாரும் இல்லை. எல்லாரையும் மாற்றிவிட்டோம்.

இறந்தவர் ஒருவர். மாரிமுத்து, டோபி, சிலிம் ரிவர் ஆத்தங்கரைத் தோட்டம். காளியம்மாவின் கணவர். செவந்தியின் அப்பா. குறி: மூன்று புள்ளி, நடுவே ஒரு கோடு.